முழுப் படமும் ஓடட்டும்

18 நவம்பர் 2025, செவ்வாய்

இன்று முதலில் எழுத வேண்டியது என் தவறு. கிளியம்மாள் வழக்குக் கட்டின் மேல்தாளில் போன மாதம் நானே எழுதியிருக்கிறேன்: "பென் டிரைவ் பழுது. உள்ளே ஒன்றும் இல்லை." அது பழுதில்லை. எனக்குத் திறக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். இரண்டும் ஒன்றல்ல என்பது இன்று மாலை வகுப்பில்தான் உறைத்தது.

வகுப்பு குரோம்பேட்டையில், ஜிஎஸ்டி சாலையில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் நடக்கிறது. நீதிமன்றங்களில் மின்னணுச் சான்றுகளைக் கையாள்வது பற்றிய படிப்பு. நான் வழக்கறிஞராகப் பதிவு செய்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாலையில் கறுப்புக் கோட்டைப் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு தாம்பரத்தில் ரயில் ஏறுகிறேன். வகுப்பில் பாதி நேரம், புரிகிறதா அல்லது புரிந்த மாதிரி இருக்கிறதா என்றே தெரிவதில்லை. அதனால் புரிந்ததை மட்டும் எழுதிக்கொள்வது என்று வைத்திருக்கிறேன்.

இன்று பிரசன்னா சார் கண்காணிப்புக் கேமராக்களைப் பற்றிப் பேசினார். கேமரா எடுக்கும் படங்கள் டிவிஆர் என்ற பெட்டியில் சேரும். அதிலிருந்து பென் டிரைவில் இறக்கும் கோப்பு பல சமயம் அந்தக் கம்பெனியின் சொந்த வடிவத்தில் இருக்கும். சாதாரணக் கணினியில் திறக்காது. அந்தக் கம்பெனியின் பிளேயரை இறக்கிப் போட்டால்தான் ஓடும்.

"இது தெரியாம நம்ம ஜனங்க என்ன பண்றாங்க?" என்று கேட்டார். "மானிட்டர்ல ஓடறத செல்போன்ல ஷூட் பண்ணி வாட்ஸ்அப்ல தட்டி விட்டுடறாங்க. கேட்டா, இதான் சார் எவிடென்ஸ்னு சொல்லுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் வழக்கில் இருப்பது அதுதான்.

வழக்கை ஒழுங்காக ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். கிளியம்மாள் அக்கா இரும்புலியூரில் இருக்கிறார். ஒரு தனியார் பள்ளி வேனில் ஆயா வேலை. பிள்ளைகளை ஏற்றி இறக்க வேண்டும். எதிர் வீடு வெற்றிவேலுடையது. ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், அந்தத் தெருவில் பல வீடுகளுக்குச் சொந்தக்காரர். அவருடைய கார் அக்காவின் வாசலை அடைத்துக்கொண்டுதான் நிற்கும். அதனால் ஓயாத சண்டை. மார்ச் மாதம் ஒரு நாள் காலை அந்தக் காரின் முன்கண்ணாடி உடைந்தது. கிளியம்மாள் கல்லெறிந்தார் என்று வெற்றிவேல் புகார் கொடுத்தார். அதற்குச் சான்று, அவர் வீட்டு மானிட்டரில் ஓடிய பதிவை அவரே செல்போனில் எடுத்த ஒரு குட்டி வீடியோ. அக்கா கத்திக்கொண்டே காரைப் பார்த்துக் கையை ஓங்குகிறார். திரை ஓரத்தில் வெற்றிவேலின் கட்டைவிரல். பின்னால் ஏதோ சீரியலில் ஒரு பெண் அழுகிறாள். "கைய ஓங்குறா பாரு, பாரு" என்று வெற்றிவேலின் குரல். அத்தோடு முடிந்தது.

இதனுடன் ஒரு பென் டிரைவும் போலீஸ் தாக்கல் செய்த பொருட்களில் இருக்கிறது. கேமரா மாட்டிய மெக்கானிக் நேராக ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்தது. போலீசாருக்கும் திறக்கவில்லை, அரசு வழக்கறிஞருக்கும் திறக்கவில்லை. நகல் எங்களுக்கும் வந்தது. எனக்கும் திறக்கவில்லை. உடனே பழுது என்று எழுதிவிட்டேன்.

நான் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் என் சீனியர் சவுரிமுத்து சார் அக்காவிடம், "சின்ன கேஸுமா, ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும்" என்றார். அக்கா மாட்டேன் என்றார். கல்லெறிகிற ஆளைப் பிள்ளைகளோடு எப்படி அனுப்புவது என்று பெற்றோர்கள் கேட்டிருக்கிறார்கள். பள்ளி நிர்வாகம் அவரை நிறுத்தி வைத்திருக்கிறது. 'நீ செய்யவில்லை என்று கோர்ட் சொல்லட்டும், அப்புறம் வேனில் ஏறு' என்று சொல்லிவிட்டார்களாம். ஒத்துக்கொண்டால் அந்த வேலை போய்விடும்.

19 நவம்பர், புதன்

காலையில் சீனியர் வருமுன் அலுவலகம் போனேன். முதலில் பென் டிரைவில் இருந்ததை இன்னொரு நகல் எடுத்தேன். இரண்டுக்கும் ஹாஷ் எடுத்துப் பார்த்தேன். ஹாஷ் என்பது ஒரு கோப்பின் கைரேகை மாதிரி; உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் அதுவும் மாறிவிடும். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. ஆனாலும் சந்தேகம் தீராமல் மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

எந்தக் கம்பெனியின் பிளேயர் என்பதுதான் தெரியவில்லை. வெற்றிவேலின் செல்போன் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவர் கட்டைவிரலுக்கு மேலே, மானிட்டரின் மூலையில் கம்பெனியின் சின்னம் தெரிந்தது. அவர்களின் தளத்திலிருந்து பிளேயரை இறக்கினேன். படம் ஓடியது.

அந்தக் காலை முழுவதும் அதில் இருக்கிறது. அக்கா வாசலுக்கு வருகிறார். காரைப் பார்த்துக் கத்துகிறார், கையை ஓங்குகிறார். கையில் எதுவும் இல்லை. செல்போன் வீடியோ முடிகிற இடத்தைத் தாண்டியும் இது ஓடுகிறது. அக்கா உள்ளே போய், சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, காரைச் சுற்றி இடுக்கில் நுழைந்து வேலைக்குக் கிளம்புகிறார். தெருவில் யாரும் இல்லை. வெகுநேரம் கழித்து வெற்றிவேல் வீட்டுத் தென்னை மரத்திலிருந்து அடி தடித்த காய்ந்த மட்டை ஒன்று நேராகக் கண்ணாடிமேல் விழுகிறது. வெற்றிவேல் ஓடி வருகிறார். கண்ணாடியைப் பார்க்கிறார். தலையைத் தூக்கி மரத்தைப் பார்க்கிறார். பிறகு மட்டையை இழுத்துக்கொண்டு கேமராவின் பார்வையை விட்டு வெளியே போகிறார்.

சவுரிமுத்து சார் நின்றுகொண்டே முழுவதும் பார்த்தார்.

"சூப்பர்மா. இப்ப இத மூடி வை."

"சார்?"

"சாட்சிய சட்டத்துல அறுபத்து மூணாம் பிரிவு. சர்டிஃபிகேட் இல்லாத எலக்ட்ரானிக் எவிடென்ஸ் நிக்காது. அந்த செல்போன் வீடியோவுக்கு சர்டிஃபிகேட் எங்க இருக்கு? அப்ஜெக்ட் பண்ணு. வீடியோ வெளிய போயிடும். மிச்சம் வெற்றிவேல் வாய் வார்த்தை மட்டும்தான். கேஸ் காலி."

"பென் டிரைவுக்கும் சர்டிஃபிகேட் இல்ல சார். அப்ஜெக்ட் பண்ணா இதுவும் சேர்ந்து போயிடுமே."

"போகட்டுமே. உனக்கு விடுதலை வேணுமா, சினிமா வேணுமா?"

அவர் சொன்னது தவறில்லை. அதுதான் பாதுகாப்பான வழி. இந்தப் பதிவை முழுதாக ஓட்டிக் காட்ட வேண்டுமென்றால், டிவிஆர் பெட்டியைக் கையாண்டவர் சான்றிதழில் ஒரு பகுதியும், நிபுணர் ஒருவர் இன்னொரு பகுதியும் கையெழுத்திட வேண்டும். நாமே அதைக் கேட்டு வாங்கினால் செல்போன் வீடியோவை எதிர்க்கவும் வாய் இருக்காது. அக்கா கை ஓங்குவது பதிவில் ஏறிவிடும். மெக்கானிக் கையெழுத்திட மறுத்தால் இதுவும் இல்லாமல், அதுவும் உள்ளே வந்து, இரண்டு பக்கமும் போய்விடும்.

மத்தியானம் கிளியம்மாள் அக்கா வந்தார். படத்தைப் போட்டுக் காட்டினேன். மட்டை விழுந்தபோது திரைக்கு அருகே குனிந்தார். வெற்றிவேல் மேலே பார்த்தபோதுதான், "பார்றா!" என்றார்.

சீனியர் தன் வழியை விளக்கினார். அக்கா கடைசிவரை கேட்டார்.

"அப்ப நான் செய்யலன்னு எய்துவாங்களா சார்?"

"குற்றம் நிரூபிக்கப்படலை, சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலைன்னு எழுதுவாங்க."

"சந்தேகம் யாரு மேல?"

சீனியர் வழக்குக் கட்டைப் புரட்டினார்.

"இன்னா சார் சொல்றீங்க? அவன் எடுத்தது அர படம். மீதி அர படம் உங்க பொட்டில கீது. அத மூடி வெச்சிக்கினு என்ன ஓட்ட வழியா வெளிய வான்றீங்க. நான் இன்னா எலியா?"

"கிளியம்மா, நீ கைய ஓங்குனது எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

"ஓங்குனேன்தான். என் வாசல்ல காரக் கொண்டாந்து நிறுத்துனா கும்புட்டுக்கினா பேசுவாங்க? முழுப் படமும் ஓடட்டும் சார். சந்தேகம்னு ஒரு பேப்பர எட்துக்கினு போனா, ஸ்கூல்ல பெரிய மிஸ்ஸு என்ன வேன் பக்கம் உடுவாங்களா? நீயே சொல்லு ஜெரூஷாமா."

என் பக்கம் திரும்பிவிட்டார். நான் பயந்துபோனேன். என் வேலை என்ன, அவரைக் காப்பாற்றுவதா, அவர் கேட்பதைச் செய்வதா? இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"உடமாட்டாங்க அக்கா" என்றேன்.

சீனியர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அப்ப மனுவ நீயே எழுது. நீயே பேசு. தோத்தா என்கிட்ட வந்து அழக்கூடாது, ரெண்டு பேரும்."

25 நவம்பர், செவ்வாய்

மழை. முடிச்சூர் சாலையில் தண்ணீர். நனைந்த செருப்போடு நீதிமன்றம் போனேன்.

மனுவில் நான் கேட்டது: அரசுத் தரப்பு தாக்கல் செய்த பென் டிரைவுக்குச் சான்றிதழ் பெற வேண்டும், அதைத் தயாரித்த மெக்கானிக் சிட்டிபாபுவை அழைக்க வேண்டும், பதிவை முழுவதுமாகத் திறந்த நீதிமன்றத்தில் ஓட்ட வேண்டும்.

மாஜிஸ்திரேட் மனுவை இரண்டு முறை படித்தார். "இது அரசுத் தரப்புச் சான்று. இதுக்கு சர்டிஃபிகேட் இல்லைன்னு நீங்க எதிர்ப்பீங்கன்னு பாத்தா, சர்டிஃபிகேட் வேணும்னு கேக்கறீங்களே?"

"ஆமாம், மேடம்."

"உங்க கட்சிக்காரர் இதுக்கு ஒத்துக்கறாங்களா?"

பின்னால் நின்றிருந்த அக்கா முந்திக்கொண்டார். "நான்தான் கேக்க சொன்னேன்மா."

அரசு வழக்கறிஞர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அது வேலை செய்யாத பென் டிரைவ்மா. ஏதோ ஈவ்னிங் கிளாஸ் போறீங்களாமே, அங்க சொல்லித் தரலையா?"

"அங்கதான் சார் சொல்லித் தந்தாங்க, வேலை செய்யும்னு."

சொல்லிவிட்டு ஃபைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மனு ஏற்கப்பட்டது.

வராந்தாவில் வெற்றிவேல் காத்திருந்தார். அவர் முகம் காலையில் இருந்த மாதிரி இல்லை. நேராக அக்காவிடம் வந்தார்.

"இன்னா கிளி, எதிரெதிர் வூட்ல இருந்துகினு நமக்குள்ள எதுக்கு கேஸு? சமாதானமா போய்டலாம். நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

"நீ குட்த்த கேஸு. நீ ஏன் பேஜாராவுற?"

"காரையும் இனிமே உன் வாசல்ல உடமாட்டேன். சாமி சத்தியமா."

சவுரிமுத்து சார் அக்காவை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனார். அவர் சொன்னது எனக்குக் கேட்டது. இந்தக் குற்றத்தில் சமரசத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு, சமரசமானால் அதுவும் விடுதலைதான், இன்றே முடிந்துவிடும், வாசலும் கிடைக்கும். எனக்கே ஆசையாக இருந்தது. அக்கா தலையாட்டியிருந்தால் நான் மறுவார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

அக்கா திரும்பி வந்து வெற்றிவேலின் எதிரில் நின்றார்.

"கார எட்த்தா எடு. அது நீ எப்பவோ செய்ய வேண்டியது. ஆனா நான் கல்லடிச்சேன்னு தெரு பூரா சொன்ன பாரு, அத எப்டி வாபஸ் வாங்குவ? வூடு வூடா போயா?"

"அதான் விட்டுடலாம்னு சொல்றேன்ல."

"நீ விடு. நான் விடல."

வெற்றிவேல் என்னைப் பார்த்தார். "நீயாவது சொல்லும்மா, படிச்ச பொண்ணு."

"பதிவு ஓடும்போது பாக்கலாம் சார்" என்றேன். அது பயமுறுத்துவது போல் ஆகிவிட்டதோ என்று ரயிலில் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன்.

20 ஜனவரி 2026, செவ்வாய்

இன்று ஓடியது.

மெக்கானிக் சிட்டிபாபு தோளில் ஒரு பையோடு வந்தார். வெற்றிவேலும் அவர் சொந்தக்காரர்களும் சிட்டிபாபுவின் வாடிக்கையாளர்கள். கேமரா மாட்டுவது, ரிப்பேர் எல்லாம் அவர்தான். கூண்டில் ஏறுமுன் வெற்றிவேலைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்தார். இவர் மறுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. டிவிஆர் பெட்டி பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். மார்ச் மாதத்துக் காலை இப்போது இந்தப் பென் டிரைவிலும் அதன் நகல்களிலும் மட்டும்தான் இருக்கிறது.

சான்றிதழைக் காட்டி, அதிலுள்ள கையெழுத்து யாருடையது என்று கேட்டேன்.

"என்துதான் மேடம்."

"பதிவை இறக்கியது யார்?"

"நான்தான். ஸ்டேஷன்லேர்ந்து போன் வந்துச்சி. கண்ணாடி ஒடஞ்ச அன்னிக்கு காலைல உள்ளத ஏத்தி எட்துக்கினு வான்னாங்க. எந்த எடம்னு சொல்லல. அதான் மொத்தமா ஏத்தினேன்."

"எதையாவது வெட்டினீர்களா, சேர்த்தீர்களா?"

"எனக்கு வெட்டத் தெரியாது மேடம். மாட்டத்தான் தெரியும்."

நீதிமன்றத்தில் சிரிப்பு எழுந்தது. வெற்றிவேல் சிரிக்கவில்லை. சிட்டிபாபு அவர் பக்கம் பார்க்காமலே பேசி முடித்தார்.

நிபுணர் பகுதியில் போலீஸ் சைபர் பிரிவிலிருந்து வந்தவர் கையெழுத்திட்டிருந்தார். அவர் ஹாஷை வாசித்தார். நான் என் தாளில் எழுத்து எழுத்தாக விரல் வைத்துச் சரிபார்த்தேன். நடுவில் ஒரு இடத்தில் வரி தவறிவிட்டேன். மன்னிப்புக் கேட்டு, மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னேன். அரசு வழக்கறிஞர் உச்சுக் கொட்டினார். கொட்டட்டும். ஹாஷ் ஒத்துப்போனது.

அடுத்த சிக்கல், நீதிமன்றக் கணினியில் அந்தப் பிளேயர் இல்லை. என் மடிக்கணினியில் போடலாம் என்றதற்கு, எதிரித் தரப்பின் கருவி என்று ஆட்சேபம். கடைசியில் சிட்டிபாபு தன் பையைத் திறந்தார். அவர் மடிக்கணினியில் எல்லாக் கம்பெனிப் பிளேயரும் இருந்தது. முகப்புத் திரையில் அவருடைய குழந்தையின் பிறந்தநாள் கேக். மாஜிஸ்திரேட் அருகே வைத்து ஓட்டினார்கள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

அக்கா கை ஓங்கும் இடம் வந்தபோது, "இதோ, இதுதான்" என்றார் அரசு வழக்கறிஞர். நிறுத்தச் சொன்னார்.

"நிறுத்த வேண்டாம், மேடம்" என்றேன். "மனு முழுப் பதிவுக்கு."

ஓடியது. வெறும் தெரு. ஒரு நாய். ஒரு பால் வண்டி. எல்லோரும் பொறுமை இழந்தார்கள். மாஜிஸ்திரேட் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். நான் ஒருவேளை வேறு நாள் பதிவைப் பார்த்து ஏமாந்துவிட்டேனோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு மட்டை விழுந்தது. திரையில் வெற்றிவேல் ஓடி வந்தார். மேலே பார்த்தார். மட்டையை இழுத்துக்கொண்டு போனார்.

ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்திருந்த வெற்றிவேலை மாஜிஸ்திரேட் மறுபடி கூண்டில் ஏறச் சொன்னார். சாதாரணமாக, தெருவில் கேட்பது மாதிரிதான் கேட்டார்:

"அந்த மட்டைய எங்க போட்டீங்க?"

"பக்கத்துல காலி மனைலதான்மா" என்றார் வெற்றிவேல்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. மாஜிஸ்திரேட் அந்தப் பதிலை அப்படியே பதிவு செய்யச் சொன்னார். அரசு வழக்கறிஞர் உட்கார்ந்துவிட்டார்.

நாளை மறுநாள் எழுத்துவாதம் தாக்கல் செய்ய வேண்டும். அதன் பிறகு தீர்ப்பு.

வெளியே வந்ததும் சவுரிமுத்து சார் என் தோளைத் தட்டினார். "நல்லா பண்ணே. எழுத்துவாதத்துல அந்த செல்போன் வீடியோவுக்கு சர்டிஃபிகேட் இல்லன்ற பாயிண்டையும் கடைசில சேத்துடு. சந்தேகத்தின் பலனையாவது கொடுங்கன்னு ஒரு வரி. ஒரு சேஃப்டிக்கு."

எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். பெரிய வாதம் விழுந்தாலும் சின்ன வாதம் தாங்கும். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் படிக்கட்டில் நின்று, சிட்டிபாபுவிடம் குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த வரி வேண்டாம் சார்" என்றேன்.

"தீர்ப்புல அவங்களே அப்படி எழுதிட்டா?"

"எழுதினா மேல போவோம் சார். நாமளா கேக்க வேண்டாம்."

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. மேல்முறையீட்டுக்கு எந்த நீதிமன்றம் போக வேண்டும், எத்தனை நாள் கெடு, விடுதலையான ஒருவர் தீர்ப்பில் உள்ள சொற்களை எதிர்த்துப் போக முடியுமா என்பதுகூட எனக்கு உறுதியாகத் தெரியாது. பார்க்க வேண்டும். சீனியர் விறுவிறுவென்று வண்டியை எடுக்கப் போனார்.

"இன்னா ஜெரூஷாமா, சார் கோச்சுக்கினாரா?" என்று அக்கா கேட்டார்.

"கொஞ்சம்."

"கோச்சுக்கட்டும். நம்ம பேப்பர்ல இன்னா எய்துறோம்னு என்கிட்ட படிச்சிக் காட்டிட்டுதான் நீ குடுக்கணும்."

இன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. அது ஒரு குறை. விட்டுப்போன பாடத்தைப் பிரசன்னா சாரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

நாளை: காலையில் எழுத்துவாதத்தைத் தட்டச்சு செய்ய வேண்டும். முதல் வரி, கிளியம்மாள் கல்லெறியவில்லை. 'சந்தேகம்' என்ற சொல் எங்கும் வரக்கூடாது. மத்தியானம் இரும்புலியூர் போய் அக்காவிடம் முழுதும் படித்துக் காட்ட வேண்டும்.